தேவாங்குக்குக் கட்டிய கொடி

எனக்குக் கல்யாணம் ஆனது ஓர் ஆவணி மாதத்தில். பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் அப்போது நான் காவலுக்கு இருந்தேன். முதலாளி பெரியகுளத்துக்காரர். பழம் பறிக்கும் காலத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் தோட்டத்து வீட்டில் நானும் ஒரு நாயும்தான். ஐந்தாவது வரை படித்தவன். எழுதப் படிக்கத் தெரியும், பேசத்தான் தெரியாது. கடைக்குப் போனால் முன்னால் நிற்பவர் கேட்டதையே எனக்கும் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்துவிடுவேன். அப்படித்தான் ஒரு முறை உப்பு வாங்கப் போய் நாமக்கட்டியோடு திரும்பினேன்.

பெண் பழனி அடிவாரத்துப் பூக்கடைக்காரர் மகள். எங்கள் தோட்டத்து மலைவாழையைப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கிப் போகிற வியாபாரி ஒருவர்தான் இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார். பையன் அதிர்ந்து பேசமாட்டான் என்று அவர் சொன்னதை என் குணம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பிறந்து வளர்ந்தது முழுக்கச் சத்தத்தில். விடியுமுன்பே வாசலில் காவடிக்காரர்கள் நடக்கிற இடம். மேளம், குதிரைவண்டி மணி, பூ ஏலம் கூறுகிறவன் குரல், இத்தனைக்கும் நடுவில் தூங்கிப் பழகியவள். அவளை வத்தலக்குண்டு வரை ஒரு பஸ்ஸிலும், அங்கிருந்து மலை பஸ்ஸிலும் கூட்டிவந்து, பிரிவில் இறக்கி, மரம் ஏற்றப் போன லாரியில் கொஞ்ச தூரமும் நடந்து கொஞ்ச தூரமுமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். சுற்றிலும் மரம். பக்கத்து வீடு என்று கை காட்ட ஒன்றும் இல்லை. அவள் வாசலில் நின்று, "மத்த வீடெல்லாம் எங்கங்க?" என்று கேட்டாள். நான் மலையின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். 

மறுநாள் காலையில் கண் சிவந்திருந்தது.

"நேத்து ராத்திரி பூராம் கீழ பள்ளத்துல கொரைச்சுக்கிட்டே கெடந்துச்சே, அது யாரு வீட்டு நாய்?"

"கேளை," என்றேன்.

"கேளைன்னா?"

"ஆடு. காட்டாடு."

"ஆடு கொரைக்குமா?"

"கொரைக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். சிறுத்தை வாடை அடித்தால்தான் கேளையாடு அப்படி விடாமல் குரைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அதன் உடம்பைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன்பக்கம் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் தூக்கி இருக்கும், தலையைக் குனிந்தபடியேதான் நடக்கும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அப்படி இருப்பதால்தான் ஒரு முயல் நுழைகிற புதருக்குள் அதுவும் நுழைந்துவிடும். கொம்பும் சின்னது, பின்னால் சாய்ந்தது, கொடியில் சிக்காது. பெரிய கொம்பு வைத்த கடமானுக்கு அந்தப் புதர் வழி கிடையாது.

நான் தொடர்ச்சியாக அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். முடித்த பிறகு எனக்கே வாய் வலித்த மாதிரி இருந்தது.

"இம்புட்டு நேரம் ஒத்தை ஒத்தை வார்த்தையாப் பேசினீங்களே, மிச்சத்தையெல்லாம் எங்க சேத்து வச்சிருந்தீங்க?" என்றாள்.

அதிலிருந்து காலையில் கஞ்சி குடிக்கும்போது அவள் ஒரு சத்தத்தைக் கேட்பதும் நான் அதற்கு உரிய மிருகத்தைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கூரையில் ஓடியது மரநாய். காப்பிப் பழத்தில் நன்றாகப் பழுத்ததை மட்டும் பொறுக்கித் தின்று, கொட்டையை அப்படியே வெளியே விட்டுவிடும். விடியும் நேரத்தில் மலை எல்லாம் அதிர ஊளையிட்டது கருமந்தி. எங்கள் கூட்டம் இங்கே இருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கமே இருங்கள் என்று அடுத்த கூட்டத்துக்குச் சொல்வது. அடித்துக்கொள்ளாமல் சண்டையை முடிக்கிற வழி அது. இதைக் கேட்டு அவள், "எங்க தெருக் குழாயடியிலயும் அப்படித்தான். சத்தத்தோட சரி," என்றாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கூந்தலைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"தலைதீபாவளிக்கு அப்பா வந்து கூப்பிடுவாங்க. போனா நான் அங்கயே இருந்துக்கிறேங்க. கோச்சுக்காதீங்க. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. இந்த எடம் எனக்குப் புடிபடல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தோன்றியிருக்குமோ என்னவோ. அவள் நியாயமாகத்தான் சொன்னாள். நான் "ம்" என்றேன். தீபாவளி ஐப்பசியில். அதுவரைக்கும்தான் இந்த வீட்டில் இரண்டு தட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்வதற்கு எந்த மிருகத்தின் உடம்பிலும் இடம் இல்லை.

அவளுக்குப் பகலில் பயம் குறைவு. பகலில் வருகிறவர்களை நேரில் காட்டினேன். மலையணில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களில் குடியிருந்தது. பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமாக வால். பழம் தின்னும்போது பின்னங்காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். இரண்டு கையும் பழத்துக்கு, வால் மறுபக்கம் தொங்கி எடை சரிபார்த்துக்கொள்ளும். தராசு மாதிரி. அது கூடு கட்டுவது கிளையின் நுனியில். காற்றடித்தால் கூடே ஊஞ்சலாடும். சிறுத்தையோ மரநாயோ அந்த நுனிக்கு வந்தால் கிளை வளைந்து கொடுத்துவிடும். கூட்டை அவள் எண்ண ஆரம்பித்தாள். இந்த மரத்தில் ஒன்று, அந்த மரத்தில் ஒன்று, ஓடைக்கரையில் இன்னொன்று.

"எத்தனை அணிலுங்க?"

"ஒன்னுதான். மாத்தி மாத்திப் படுக்கும். எதுல இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"ஒத்தை அணிலுக்கு இத்தனை வீடு. நீங்க ஒன்னே ஒன்னு வச்சிருக்கீங்க, அதுவும் ஒழுகுது."

அன்றைக்கே கூரை ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினேன்.

கருமந்திகள் வந்து மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், அவற்றின் வயிற்றைக் காட்டினேன். முகம் சிறுத்து, கை கால் நீண்டு, வயிறு மட்டும் பானையாக இருக்கும். நாட்டுக் குரங்கைப் போலப் பறிப்பதும் திருடுவதும் அதற்கு இல்லை. தின்பது இலை. இலையில் சத்து குறைச்சல், ஆகவே நிறையத் தின்ன வேண்டும். தின்றதை உள்ளே ஊறப்போட்டுச் செரிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த வயிறு, அதற்குத்தான் அந்த உட்கார்ந்திருப்பு. மத்தியானம் அதன் முகத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய யோசனையில் இருப்பது போலத் தெரியும். ஒரு யோசனையும் இல்லை, வயிறு வேலை செய்கிறது.

"எங்க பெரியப்பா கல்யாணச் சாப்பாடு முடிஞ்சதும் இப்படித்தான் ஒக்காந்திருப்பாரு. நாங்க பக்கத்துலயே போகமாட்டோம்," என்றாள்.

இருவாட்சிப் பறவையைப் பற்றிச் சொன்னதுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. மரப்பொந்தில் முட்டையிடப் போகும் பெண் இருவாட்சி, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும் என்றேன். உள்ளே அதன் இறகு கொட்டிவிடும். குஞ்சு வளரும் வரை ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். பாம்பும் மரநாயும் உள்ளே போக முடியாது. அதன் வளைந்த பெரிய அலகு பார்க்கத்தான் பாரம், பூசுவதற்கும் ஊட்டுவதற்கும் அதுதான் கரண்டி.

அவள் கேட்டுவிட்டு, "ஆக, அது கோச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போகமுடியாது," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். நான் இருவாட்சியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் நிழல் மரம் கழிக்கும் வேலை வந்தது. காப்பிச் செடிக்கு வெயிலில் நிழல் வேண்டும், மழையில் நிழல் ஆகாது. ஈரம் காயாமல் பழம் அழுகிவிடும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னால் முள்முருங்கை மரங்களின் கிளைகளை வெட்டி ஆகாயத்தைத் திறந்துவிடுவோம். ஆட்கள் வந்தார்கள், நானும் ஏறினேன். வீட்டு வாசலில் காப்பி காயப்போடும் களம் இருந்தது. களத்தின் ஓரத்தில் ஒரு பலா. அதன் கிளைகளோடு கிளை கோத்து நின்ற முள்முருங்கையையும் கழித்தோம். அது மொட்டைக் கம்பமாக நின்றது. தோட்டம் பளிச்சென்று ஆனது. வருஷா வருஷம் செய்கிற வேலை. எப்போதும் போலக் கிளையைக் கட்டி அடுப்புக்கு ஒதுக்கினோம்.

இரண்டொரு நாள் கழித்து, விளக்கேற்றுகிற நேரத்தில் அவள் களத்திலிருந்து கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. ரகசியமாக.

"இங்க வாங்க. பலா மரத்துல யாரோ கைய நீட்டுறாங்க."

தேவாங்கு. எனக்கு அது அங்கே இருப்பது தெரியும். பகலெல்லாம் பலாவின் அடர்ந்த கவட்டில் தலையைத் தொடைக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டு தூங்கும். இருட்டத் தொடங்கினால் நீளும். அவ்வளவு சின்னப் பந்துக்குள் அவ்வளவு நீளமான கையும் காலும் எங்கே மடங்கி இருந்தன என்று ஆச்சரியமாக இருக்கும்.

"நெசமாவே தேவாங்குன்னு ஒன்னு இருக்கா? ஒல்லியா முழிச்சுக்கிட்டு நிக்கிறவங்களத் திட்டத்தான் அந்தப் பேருன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

தேவாங்கு கிளையின் நுனிவரை வந்தது. பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் நீட்டி, ஒரு கையை வெறும் காற்றில் துழாவியது. எதுவும் அகப்படவில்லை. கையை இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு மறுபடி நீட்டியது. இரண்டு நாள் முன்பு வரை அந்த இடத்தில் முள்முருங்கைக் கிளை இருந்தது.

"தாவ வேண்டியதுதானே. அணிலு இதைவிடத் தூரம் தாவுதே."

"இது தாவாது."

"ஏன்?"

நான் அதுவரை அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. தாவாது என்று தெரியும், அவ்வளவுதான். அவள் கேட்டதால் யோசித்துப் பார்த்தேன். அணிலுக்கு வால் இருக்கிறது, இதற்கு இல்லை. அணில் பகலில் கண்ணால் பார்த்துப் பாய்கிறது. இது இருட்டில் பூச்சி தேடுகிறது. பூச்சிக்குத் தெரியாமல் போக வேண்டும், தன்னைத் தின்ன வருகிற ஆந்தைக்கும் தெரியாமல் போக வேண்டும். ஆகவே இலைகூட அசையாமல் ஊர்ந்து போகிறது. ஒரு கையை எடுக்கும்போது மற்ற மூன்றும் பிடித்தபடி இருக்கும். நகர்வதுதான் மெதுவே தவிர, பூச்சி பக்கத்தில் வந்துவிட்டால் அதன் கை போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. அந்தப் பெரிய கண் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முன்னோக்கி இருப்பது பூச்சி எத்தனை தூரம் என்று அளக்க. கிளையோடு கிளை தொட்டிருந்தால் மலை முழுக்கப் போய்வரும். தொடாவிட்டால் ஒரு மரம்தான் அதன் உலகம்.

இதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஒத்தை மரத்துல எத்தனை நாளைக்குப் பூச்சி இருக்கும்?"

நான் மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

மறுநாள் அந்தியில் அது அடிமரம் வழியாக இறங்க ஆரம்பித்தது. களத்தில் படுத்திருந்த நாய் ஒரு முறை உறுமியதும் அப்படியே உறைந்து நின்றது. வெகுநேரம் கழித்துப் பின்பக்கமாகவே ஏறிப்போனது. நாயைக் கொட்டகையில் கட்டினோம். ஆனாலும் அது தரைக்கு வரவில்லை. வந்தாலும் தரையில் அதற்கு நடை கிடையாது. நாலு காலும் நாலு பக்கம் போகும்.

மிளகு பறிக்க வைத்திருந்த நீள மூங்கிலை எடுத்துப் பலாவுக்கும் மொட்டை மரத்துக்கும் குறுக்கே கட்டினேன். பாலம் கட்டிய பெருமையோடு இறங்கினேன். அந்தியில் இருவரும் களத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தேவாங்கு வந்தது. மூங்கிலை முகர்ந்தது. ஒரு கையை வைத்தது. எடுத்துவிட்டது. மறு கையை வைத்தது. எடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"பிடிக்கலையோ," என்றேன்.

"பிடிக்கல இல்ல, பிடிபடல. அது கையப் பாத்தீங்களா? நாங்க நார் பிடிக்கிற மாதிரி பிடிக்குது. கட்டைவெரல் ஒரு பக்கம், மத்ததெல்லாம் ஒரு பக்கம். இம்புட்டுக் கைக்கு இம்புட்டு மொத்த மூங்கிலைக் குடுத்தா? கைக்கொழந்த கையில உலக்கையக் குடுக்கிற கதையால்ல இருக்கு."

இத்தனை வருஷம் அதைப் பார்த்தவன் நான். அதன் கையைத் தனியாகப் பார்த்தவள் அவள். இன்னொன்றும் அவள் கேட்டாள். கிளையை மாற்றும் முன் அது தன் கையில் ஏதோ தடவிக்கொள்கிறதே, அது என்ன என்று. மூத்திரம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பிறகு சொல்லிவிட்டேன். ஈரக் கை வழுக்காது, அதற்காக இருக்கும் என்றேன். முகத்தைச் சுளிப்பாள் என்று பார்த்தால், "அதான பாத்தேன். நாரை நனைக்காமக் கட்டினா பூ நிக்காதுல்ல," என்றாள்.

அடுத்த நாள் வெள்ளனே எழுந்து என்னை எழுப்பினாள். விரல் கனத்துக் காட்டுக்கொடி வேண்டும், இலையோடு வேண்டும் என்றாள். ஓடைக்கரையில் அறுத்துச் சுமந்து வந்தேன். வாழை மட்டையைக் கிழித்து நார் எடுத்து ஊறப்போட்டாள். களத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கொடி மூன்றைச் சேர்த்து, சாண் இடைவெளியில் நாரால் இறுக்கி, இடையிடையே கைப்பிடி மாதிரிச் சின்னக் குச்சிகளைக் கோத்துக் கட்டிக்கொண்டே போனாள். அவள் கை ஓடிய ஓட்டத்தை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். அடிவாரத்தில் ஆளுயர மாலை கட்டுகிற கை. என் வீட்டில் அதற்கு அதுவரை வேலையே இல்லாமல் இருந்திருக்கிறது.

நான் ஏறிக் கட்டினேன். மொட்டை முள்முருங்கையில் ஒரு முனை, பலாவில் ஒரு முனை. அதற்கு அப்பாலும் அடுத்த மரம் வரை இன்னொரு துண்டு. அவள் கீழே நின்று, "இன்னும் இழுங்க. தொய்வா இருந்தா பயப்படும். அங்கன முடிச்சு சரியில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதல் அந்தியில் தேவாங்கு தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வந்தது. கையை வைத்தது. எடுக்கவில்லை. அடுத்த கையை வைத்தது. கொடி அசைந்தது. அது நின்றது. அசைவு அடங்கிய பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. நடுவில் இலைக்கு அடியில் இருந்த ஏதோ பூச்சியைப் பிடித்துத் தின்பதற்குக்கூட நேரம் எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வானத்தில் வெளிச்சம் போய்விட்டது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், விட்டுவிட்டாள்.

அதன் பிறகு தினமும் அந்தியில் போகும், விடியும் முன் பலாவுக்குத் திரும்பும்.

மாமா தலைதீபாவளிக்கு அழைக்க வந்தார். களத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன மாப்ள, துணி காயப்போடவா? இம்புட்டு ஒசரத்துலயா?"

"அது ஒருத்தர் நடந்து போற பாதைப்பா," என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பித்தண்ணி எடுக்க உள்ளே போனேன்.

கிளம்பும்போது அவள் தன் பெட்டியை முழுதாகக் கட்டினாள். கல்யாணத்துக்கு வந்த சேலைகள் எல்லாம் அதற்குள் போயின. நான் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு லாரி வரும் இடம் வரை நடந்தேன். கனமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள் என்று அந்தக் கனத்திலேயே தெரிந்தது.

பழனியில் தீபாவளி நன்றாகத்தான் நடந்தது. எண்ணெய் வைத்தார்கள், புதுவேட்டி கொடுத்தார்கள், இலையில் ஒன்று தீருமுன் இன்னொன்று வைத்தார்கள். வீடு நிறைய ஆள். நான் ஒரு தூண் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கொழுந்தியாள் விடுவதாக இல்லை.

"அக்கா, மச்சானுக்குப் பேச்சு வருமா, இல்ல தலையாட்ட மட்டுந்தான் கத்துக்குடுத்திருக்கியா?"

"நல்லாப் பேசுவாரு. ஒனக்குக் கேக்கத் தெரியணும்."

அவள் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு குரைப்பதை, அணிலின் வீடுகளை, கருமந்தியின் வயிற்றை. பெரியப்பாவை வைத்துச் சொன்னதில் வீடே சிரித்தது, பெரியப்பாவும் சிரித்தார். "எங்க தோட்டத்துல" என்றுதான் ஒவ்வொன்றையும் ஆரம்பித்தாள். நான் அதைக் கவனித்தேன். ஊர்க்கதை சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா நேத்துலேருந்து தேவாங்கு தேவாங்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. மச்சானத்தான் சொல்றாளோன்னு நெனச்சேன்," என்றாள் கொழுந்தியாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

நான் கிளம்ப வேண்டிய நாளில், சாப்பாட்டு இலை போட்டிருக்கும்போது அத்தை பேச்சை எடுத்தார்.

"மாப்ள, இவ இங்கயே கொஞ்ச நாள் கெடக்கட்டும். மார்கழி பொறந்தா கூட்டம் வர ஆரம்பிச்சிரும். பூசம் வரைக்கும் கடையில ஆள் வேணும். இவ கை மாதிரி இங்க ஒருத்தருக்கும் கட்ட வராது. பூசம் முடிஞ்சு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. சம்மதந்தானே?"

பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம் வரும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் சுவரோரமாக உட்கார்ந்து மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் முன்பே சொன்னதுதானே இது. அம்மாவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எப்போதும் போலத் தலையை ஆட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். எல்லோரும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை என்னோடு அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"கொடி காஞ்சிரும்," என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்ன கொடி?" என்றார் மாமா. கொழுந்தியாள் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் மட்டும் கையில் இருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். 

"ஆமாம்மா. அது பச்சையா இருக்கிற வரைக்குந்தான் தாங்கும். காஞ்சா நார் இத்துரும். அந்தப் பக்கம் போயிருக்கிற நேரத்துல அறுந்துச்சுன்னா திரும்பி வரமுடியாது. நடுவுல இருக்கும்போது அறுந்துச்சுன்னா கீழ களத்துலதான் விழும். நான் போய் வேற கட்டணும்."

"தலைதீபாவளி முடிஞ்ச கையோட ஒரு தேவாங்குக்காக ஓடுறேங்கிற."

"பூசத்துக்கு முன்னாடி வெரசா வந்துர்றேம்மா. கூட்டம் முடியிற வரைக்கும் இருந்து கட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

"போறேன்னு சொல்லிட்டே," என்றார் அத்தை. குரலில் வருத்தமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடு. மாப்ள வாயத் தொறந்து இந்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு. அதைத் தட்ட முடியுமா," என்றார். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது ஊருக்குத் திரும்ப அவசரப்பட்டால், "ஏன், கொடி காஞ்சிருமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பஸ்ஸில் வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றியது. ஜன்னலில் சாய்ந்தபடியே, "நெசமாவே கொடியத்தான் நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

அவள் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். 

நாங்கள் வந்து சேர்ந்தபோது மலையில் தூறல். கொடியின் இலைகள் பழுப்பாகிப் பாதி உதிர்ந்திருந்தன. ஒரு முனையில் நார் தளர்ந்து தொய்ந்திருந்தது. அறுந்திருக்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அவள் அதற்குள் பலாவின் அடியில் நின்று, கண்ணைச் சுருக்கிக் கவட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கு. பந்து மாதிரி," என்றாள். மழைத்துளி விழுந்த இடத்தில் அந்தப் பந்து ஒரு முறை சிலிர்த்து அடங்கியது.

அன்றே புதுக்கொடி அறுத்து வந்தேன். அவள் ஈரத்தில் உட்கார்ந்து கட்டினாள். நான் ஏறி மாற்றிக் கட்டிவிட்டு இறங்கியபோது, அவள் அடுப்புக்கு ஒதுக்கியிருந்த கட்டிலிருந்து முள்முருங்கைக் கொம்பு ஒன்றை உருவி வைத்திருந்தாள். கழித்துப் போட்டு இத்தனை நாளாகியும் அதன் பட்டையில் பச்சை இருந்தது, ஒரு கணுவில் துளிர்கூட விட்டிருந்தது.

"இதை இங்கன நட்டா வருமா?"

"மழை இருக்கு. வரும்."

"கெளை விட்டுப் பலாவைத் தொடுறதுக்கு எத்தனை வருசம் ஆகும்?"

"ரெண்டு மூனு வருசம்."

களத்து ஓரத்தில், பலாவுக்கும் மொட்டை மரத்துக்கும் நடுவில் இடம் பார்த்து, கடப்பாரையை எடுத்துவரச் சொன்னாள். நான் குழி தோண்டினேன். அவள் கொம்பை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினேன். அவள் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, கோணலாக நிற்கிறதா என்று பார்த்தாள்.

"சரி. இது வர்ற வரைக்கும் கொடி கட்டுவோம். ஆனா இதைக் கழிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு, கைமண்ணைத் தட்டிக்கொண்டு உலை வைக்க உள்ளே போனாள்.